இரண்டாவது கையெழுத்து

பாபோஸ்,
23 ஜனவரி 1994

அன்புள்ள மச்சான் லொயிசோஸுக்கு,

உறைமேல் என் எழுத்தைப் பார்த்துவிட்டு உன் தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறாதே. எவந்தியா நன்றாகத்தான் இருக்கிறாள். ஆரஞ்சு பறிக்கிறேன் என்று நாற்காலி மேல் ஏறினாள். நாற்காலி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குப் பேனா பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணனுக்கு மாசம் தவறாம கடுதாசி போயிடணும். நீங்க எழுதுங்க," என்றாள். இருபத்தைந்து வருடமாக அவள் கடிதத்தின் அடியில் 'பாந்தெலிஸும் உங்களை விசாரித்தார்' என்று ஒரு வரி வந்திருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த வரியையும் அவளாகவேதான் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன எழுதுவது என்று கேட்டேன். சனிக்கிழமைதோறும் ஊர் சுற்றுகிறீர்களே, அதை எழுதுங்கள் என்றாள்.

நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. பறவைக் கழகத்தில் இப்போது ஒழுங்காக வருகிறவர்கள் நாலு பேர். மருந்துக்கடை மீனாஸை உனக்குத் தெரியும், இன்னும் அதே தொப்பி. திரிஃபோனாஸின் வண்டியில் போகிறோம். அவனுக்குக் காது மந்தம், ஆனால் கண் கூர்மை. பள்ளிக்கூட டீச்சர் தெஸ்பூலா புதிதாகச் சேர்ந்தவள். புதனும் ஞாயிறும் வேட்டைக்காரர்கள் கையில் போய்விட்டதால் எங்களுக்குச் சனிக்கிழமை மிச்சம். நேற்று கடற்கரை வயல்களில் கல்குருவிகளும் ஐம்பது அறுபது ஆட்காட்டிகளும் பார்த்தோம்.

கழகம் புத்தகம் ஒன்று போடுகிறது. இந்தத் தீவில் தென்பட்ட எல்லாப் பறவைகளும், எதை முதலில் பார்த்தவர் யார், எந்தத் தேதியில் என்று. பழைய குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

உன் உடம்பு எப்படி? இரினி சௌக்கியமா?

இப்படிக்கு,
பாந்தெலிஸ்


மெல்போர்ன்,
12 பிப்ரவரி 1994

மச்சான் பாந்தெலிஸுக்கு,

நானும் என் மகளும் நலம். இது இரினியின் கையெழுத்து. எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது, வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நம் எழுத்தை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் தங்கையை இனி நாற்காலி மேல் ஏற வேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்லி வை.

உன் கடிதத்தை இரினி இரண்டு முறை படித்துக் காட்டினாள். நீ அலுவலகத்தில் நிலம் அளந்த மாதிரியே எழுதியிருக்கிறாய்: இத்தனை ஆட்காட்டி, இன்ன தேதி. மச்சான், கணக்கு எனக்கெதற்கு? வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, வயலில் என்ன பயிர், பறவைகள் எழும்பியபோது எந்தப் பக்கம் திரும்பின, அதையெல்லாம் எழுது. இங்கே ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய கிளிகள் கத்துகின்றன. நான் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

டிராம் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. எவ்வளவு நீளமாக எழுதினாலும் கேட்பேன்.

உன்
லொயிசோஸ்


பாபோஸ்,
28 பிப்ரவரி 1994

அன்புள்ள லொயிசோஸ்,

எல்லோரும் சுகம். எவந்தியாவுக்கு மாவுக்கட்டுக்குள் அரிப்பு. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறாள்.

நீ கேட்டபடி முயற்சி செய்கிறேன், சிரிக்காதே. நேற்று முன்தினம் அணைக்கட்டு ஏரிக்குப் போனோம். முந்தின இரவு மழை. காலை எட்டு மணிக்கு வெயில் கிழக்குக் கரை மேட்டைத் தாண்டி வந்து, தண்ணீரில் பாதியில் மட்டும் விழுந்தது. மறுபாதி கறுப்பு. வாதுமை மரங்கள் பூத்து, பாதிப் பூ சேற்றில் கிடந்தது. பார்லி முழங்கால் உயரம். அப்போது தெஸ்பூலா மெதுவாக, "சார், வேலிக்கம்பத்தைப் பாருங்க, புள்ளிக்குயில்," என்றாள். புள்ளிக்குயிலேதான். இந்த வருடத்தின் முதல் குயில். கொண்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு, நீண்ட வாலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பைன் மரத்தில் கறுப்புவெள்ளைக் காக்கை ஜோடி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. குயில் அந்தக் கூட்டைத்தான் பார்த்தது. முட்டை வைக்க வீடு பார்க்க வந்திருக்கிறாள். காக்கை துரத்தியதும் தாழப் பறந்து, பார்லி மேலாகத் தெற்கே போய்விட்டது.

முதலில் வாய் திறந்து பெயர் சொன்னவள் தெஸ்பூலா, ஆகவே குறிப்பேட்டில் அவள் பெயர் முதலில். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

வழியில் காட்டுத் தண்ணீர்விட்டான் தளிர் ஒடித்து வந்தோம். எவந்தியா இடது கையால் முட்டையோடு சேர்த்து வதக்கினாள். கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

மலையிடுக்குப் பக்கம் இந்த வருடம் நாங்கள் போகவில்லை. மழையில் பாதை அரித்துவிட்டது.

இதை எழுதும்போது உன் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். "போன வாரம்தானே திரிஃபோனாஸ் அந்தப் பக்கம் போயிட்டு வந்தாரு. பாதை நல்லாத்தான் இருக்குன்னாரே," என்கிறாள். அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்
பாந்தெலிஸ்


மெல்போர்ன்,
27 மார்ச் 1994

மச்சானுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஈஸ்டர் நோன்பு தொடங்கும் பச்சைத் திங்களன்று இரினி என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். ஆலிவ், ரொட்டி, வெங்காயம். நம் ஊர்க்காரர்கள் பத்துக் குடும்பம் வந்திருந்தது.

குயிலைப் பார்லி மேலாகத் தெற்கே அனுப்பினாயே, அந்த வரியை மட்டும் நாலு முறை படிக்கச் சொன்னேன். நன்றி. பாதை நன்றாக இருக்கிறது என்று என் தங்கை சொன்னதையும் மறைக்காமல் எழுதினாய். அதற்கும் நன்றி.

நீ மலையிடுக்கின் பெயரை எடுத்துவிட்டதால் கேட்கிறேன். புத்தகத்தில் 1969 பிப்ரவரி பதினைந்தை என்ன செய்யப் போகிறீர்கள்? எடுத்துவிட்டீர்களா, இன்னும் இருக்கிறதா?

இரினி பேனாவை நிறுத்திவிட்டு அது என்ன தேதி என்று கேட்கிறாள். அவளுக்குச் சொல்வதை நீயும் கேள். இரினி, நானும் உன் மாமா பாந்தெலிஸும் அன்று மலையிடுக்குக்குப் போனோம். பாறையேறி என்று ஒரு பறவை. செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறும், சாம்பல் நிறம், இறக்கையை விரித்தால் மட்டும் உள்ளே ரத்தச் சிவப்பு. அதுவரை இந்தத் தீவில் அதைப் பார்த்ததாக எழுத்தில் இல்லை. நான் பெயர் சொன்னேன். அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும். உன் மாமா போடவில்லை. கழகம் அதை 'ஏற்கப்படாதவை' பட்டியலில் தள்ளியது.

"மாமா ஏன் போடலை?" என்கிறாள். அதை மாமாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

லொயிசோஸ்


பாபோஸ்,
19 ஏப்ரல் 1994

அன்புள்ள லொயிசோஸ்,

நீயும் இரினியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஈஸ்டருக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எவந்தியாவின் கட்டைப் பிரித்தாயிற்று. பாலாடைக்கட்டி துருவ என்னை உட்கார வைத்திருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். 1969 குறிப்பு புத்தகத்தின் கடைசியில் 'ஏற்கப்படாதவை' என்ற தலைப்பில் வரும். பாறையேறிக்கு முதல் பதிவாக இருப்பது 1973 ஜனவரி. அதே மலையிடுக்கு. மீனாஸும் திரிஃபோனாஸும் சாட்சி. முதலில் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. இதை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

விதி விதிதான், லொயிசோஸ். நான் மட்டும் மாற்ற முடியாது.

வாதுமை எல்லாம் காய் பிடித்துவிட்டது. குளிர்காலப் பறவைகள் போய்விட்டன.

பாந்தெலிஸ்


பாபோஸ்,
17 ஜூலை 1994

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு எவந்தியா எழுதுவது,

என் கை சரியாகிவிட்டது, எழுத்துதான் கொஞ்சம் கோணல். நீ எப்படி இருக்கிறாய்? ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே. நானும் வேண்டுமென்றேதான் எழுதாமல் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தேன். என் கை முறிந்ததிலும் ஒரு நன்மை என்று சந்தோஷப்பட்டேன், அசடு.

இவர் சரியாக இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் ரோஜாச் செடியை வெட்டுவது போல நிற்கிறார். செடியில் வெட்ட இனி ஒன்றும் இல்லை. பரணிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லை, பழைய அளவு," என்கிறார்.

அண்ணா, அம்மா அடக்கத்துக்கு நீ வரவில்லை. போர் நடந்த வருடத்திலும் வரவில்லை. வேலை, பயணச் செலவு என்றாய், நம்பினேன். உங்களுக்குள் என்ன நடந்தது என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இனியாவது யாராவது சொல்லுங்கள்.

இரினிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
எவந்தியா


பாபோஸ்,
11 செப்டம்பர் 1994

லொயிசோஸ்,

உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன், மன்னித்துக்கொள். இப்போது தள்ளிப்போட்டால் மறுபடி எழுத மாட்டேன்.

நான் அதைப் பார்த்தேன்.

காலை பத்து மணி. மேற்குப் பாறையில் வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. அத்திச் செடி ஒன்று பாறைப் பிளவில் தொங்குமே, அதற்கு இரண்டு ஆள் உயரம் மேலே ஒரு கல் நகர்ந்தது. உனக்கு முன்னால் நான் பார்த்தேன், மச்சான். பதினொரு குளிர்காலம் அந்தப் பறவைக்காக அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை இறக்கையை விரித்தது. சிவப்பு. என் பழக்கம் உனக்குத் தெரியும், எதையும் மூன்று முறை அளக்காமல் எழுத மாட்டேன். மூன்று முறை விரிக்கட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தேன். இரண்டாவது முறை விரித்தது. அப்போது நீ கத்தினாய்.

பறவை விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். பாறைமேல் தாளை வைத்து உன் பெயரை மேலே எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினாய். "நான் சரியா பாக்கலையே," என்றேன். சொன்ன உடனே திருத்தியிருக்கலாம். வண்டியில் திரும்பும்போது சொல்லியிருக்கலாம். கழகத்துக்கு முன்னால் கேட்டார்கள், அங்கேயும் அதையே சொன்னேன். என் பறவையை நீ எடுத்துக்கொண்டாய் என்று எனக்கு ஆத்திரம். பொறாமை என்று சொல்வதுதான் சரி.

பிறகு காப்பிக் கடையில் யார் என்ன கதை அளந்தாலும் 'லொயிசோஸ் பறவை' என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் நீ கப்பல் ஏறினாய். நாலு வருடம் கழித்து அதே பாறைக்கு இரண்டு சாட்சிகளைக் கூட்டிப்போய் அதை என் பெயரில் எழுதிக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். 1969இல் நானும் பார்த்தேன், அன்று பொய் சொன்னேன் என்று. இருபத்தைந்து வருடம் தாமதமாகக் கையெழுத்துப் போட்டேன். மீனாஸ் அதை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். முதல் பதிவாக உன் பெயர் வரும்.

அன்றே எவந்தியாவிடமும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு குருவிக்காகவா எங்க அண்ணனைப் போக விட்டீங்க?" என்று கேட்டாள். ஆறு நாளாகத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பாந்தெலிஸ்


மெல்போர்ன்,
30 நவம்பர் 1994

அன்புள்ள மச்சான்,

இந்தப் பதிலுக்கு இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் தபால் இல்லை, நான்தான். உன் கடிதம் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. என் தங்கையிடம் சொல், அவள் ஜூலைக் கடிதத்துக்கும் சேர்த்துத்தான் இது.

புத்தகம் அச்சாகிவிட்டதா? ஆகவில்லை என்றால் உடனே நிறுத்து. என் பெயரை எடுத்துவிடு.

நான் அதைப் பார்க்கவில்லை.

பேனாச் சத்தம் நின்றுவிட்டது. இரினி என்னைப் பார்க்கிறாள் போலிருக்கிறது. எழுதம்மா, எழுது.

அன்று நான் பாறையைப் பார்க்கவில்லை, மச்சான், உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைனாகுலர் உன் கையில் அசையவில்லை. நீ மூச்சு விடவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பதினொரு வருடம் உன்னோடு சுற்றியவன் நான். எந்தப் பறவைக்கு நீ அப்படி ஆவாய் என்று எனக்குத் தெரியும். நீ எப்போதும் நிதானம், எப்போதும் சரி, எப்போதும் முதல். ஒரே ஒரு தடவை நான் முதலில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கத்தினேன். அதற்கப்புறம்தான் பைனாகுலரைத் தூக்கினேன். பாறை இருந்தது, பறவை இல்லை.

நீ பேனாவை வாங்காமல் "நான் சரியா பாக்கலையே" என்றபோது, என்னைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். கண்டுபிடித்தும் ஊர் நடுவே காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறாய் என்று நினைத்தேன். காப்பிக் கடையில் சிரித்தவர்கள்மேல் என்னால் கோபப்பட முடியவில்லை, அவர்கள் சொன்னது உண்மைதானே. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெட்கத்தில்தான் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக உனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாயா?

இன்னொன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் கை நடுங்கவில்லை. சர்க்கரை நோயில் கண் போய்விட்டது, மூன்று வருடமாகிறது. ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். தங்கைக்கு எழுத வேண்டாம் என்று இரினியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இனி எழுதலாம்.

அப்படியொரு பறவையை நான் இனிப் பார்க்கப் போவதில்லை. அதைப் பார்த்தவன் என்று என் பெயர் அச்சில் இருக்க வேண்டாம்.

உன்
லொயிசோஸ்


பாபோஸ்,
19 பிப்ரவரி 1995

என் அன்பு மச்சான் லொயிசோஸுக்கு,

இரினி சத்தமாகப் படிக்கப்போகிறாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மா இரினி, மெதுவாகப் படி.

உன் கடிதம் வந்தபோது புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போயிருந்தது. 188ஆம் பக்கத்தில் உன் பெயர், அடுத்து என் பெயர். அதைச் சந்தோஷமாக உனக்கு அனுப்ப உறை வாங்கி வைத்திருந்தேன். உன் கடிதத்தை எவந்தியாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். கண் விஷயம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஒரு ஆளின் சாட்சி போதாது, ஆகவே 1969 மறுபடி 'ஏற்கப்படாதவை'க்குப் போகிறது. இந்த வருட அறிக்கையில் திருத்தம் வரும். முதல் பதிவு மறுபடி 1973, மறுபடி என் பெயர். அதற்காக உன்னை நாட்டைவிட்டே போக விட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று வண்டியில் நம்மில் ஒருவன் வாயைத் திறந்திருந்தால் மற்றவனும் சொல்லியிருப்பான். இரண்டு பேரும் வீடு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம், நினைவிருக்கிறதா?

நேற்று எவந்தியா, "என்னை அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு சனிக்கிழமைகூட அவள் என்னோடு வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. கழகத்தாரை அழைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும். அவள் பைக்குள் ஆலிவும் ரஸ்க்கும் எடுத்துவந்தாள்.

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். அத்திச் செடி இன்னும் அதே பிளவில் இருக்கிறது, இப்போது மரம். பத்து மணிக்கு வெயில் மேற்குப் பாறையில் இறங்கியது. உனக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பைனாகுலரை இறுகப் பிடித்துக்கொண்டு பாறையின் இடது பக்கமாகவே தேடிக்கொண்டிருந்தேன். வெறும் கண்ணோடு நின்ற உன் தங்கை, "அங்க ஏதோ செவப்பா மினுங்குது," என்றாள். வலது பக்கம்.

அதேதான். பெயர் தெரியாமலே முதலில் சொன்னவள் அவள். குறிப்பேட்டில் அவளே தன் பெயரை எழுதிப் பேனாவை நீட்டினாள், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனா வாங்க ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

பிறகு அவள் கல்லில் உட்கார்ந்து, "அண்ணனுக்கு எழுதுங்க. ஒண்ணும் கூட்டாம, ஒண்ணும் கொறைக்காம எழுதுங்க," என்றாள். எழுதுகிறேன், கேள்.

நீயும் நானும் நின்ற அதே திட்டில் நிற்கிறாய். ஓடை உன் இடது கைப்பக்கம் சத்தம் போடுகிறது. வெயில் உன் முதுகில் படுகிறது. எதிரே சாம்பல் பாறை, தண்ணீர் வடிந்த கறுப்புக் கோடுகள். அத்தி மரத்துக்கு வலதுபுறம், கைக்குட்டை அளவு ஒரு ஈரத்திட்டு. அதற்கு மேலே ஒரு கல் நகர்கிறது. இல்லை, கல் இல்லை. சாம்பல் முதுகு, வளைந்த மெல்லிய அலகு. பிளவுக்குள் அலகை விட்டு ஒரு சிலந்தியை இழுக்கிறது. நின்று, ஒரு தாவு மேலே. இறக்கை பாதி திறந்து மூடுகிறது. மாதுளையைப் பிளந்தால் உள்ளே தெரியுமே, அந்தச் சிவப்பு. ஓரத்தில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் பொட்டு. ஒரு தரம். இன்னும் ஒரு தாவு. இரண்டாவது தரம்.

நான் வாயை மூடிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கிறேன். அவசரமில்லை, அது இன்னும் பறக்கவில்லை. மூன்றாவது தரமும் விரிக்கிறது.

பார்த்துவிட்டாய் என்றால் நீயே பெயரைச் சொல், மச்சான்.

உன்
பாந்தெலிஸ்